ஐந்தாம் நாள் எடை

பிறந்தபோது 3 கிலோ இருந்த என் மகள் ஐந்தாம் நாள் 2 கிலோ 680 கிராம்தான் இருந்தாள். முதல் நாள்களில் 7 சதவீதம் வரை குறைவது இயல்பு. இவளுக்கு 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. "பால் பத்தவில்லை, பவுடர் பால் கொடு" என்றார் அத்தை. அழுதுவிட்டேன்.

செவிலியர் ஒருவர் அருகில் அமர்ந்து, பால் குடிப்பதைக் கவனித்தார். குறை பாலில் இல்லை, பிடிப்பில் இருந்தது. குழந்தை காம்பை மட்டும் சப்பினாள்; கன்னம் குழிந்தது, விழுங்கும் சத்தமே இல்லை. வயிற்றோடு வயிறு ஒட்ட அணைத்து, வாய் அகலத் திறந்த நொடியில், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே போகும்படி சேர்த்துவிட்டார். தாடை மார்பில் பதிந்தது. பிறகு கேட்டதே, மடக், மடக் என்று! அந்தச் சத்தத்தை மறக்கவே மாட்டேன்.

தூங்குமூஞ்சிக் குழந்தை, உள்ளங்காலைத் தேய்த்து எழுப்பி, இரவும் பகலுமாக நாளுக்குப் பத்துமுறையாவது ஊட்டினேன். மருத்துவர் சொன்னபடி, ஒவ்வொரு முறையும் மிச்சப் பாலைப் பீய்ச்சிப் பாலாடை என்னும் மூக்குவைத்த சிறு கிண்ணத்தால் புகட்டினேன். ஈரத்துணிகளையும் எண்ணினேன்: இரண்டு, நான்கு, பிறகு ஆறுக்கு மேல். சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை எழுப்பியும் குடிக்காவிட்டாலோ உடனே வரச் சொல்லியிருந்தார்கள்.

பதினான்காம் நாள் தராசு 3 கிலோ 20 கிராம் காட்டியது.