‘மெல்லக் கற்கும் மாணவர்’ பட்டியல் போடுவதற்கு முன்

காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்திய பிறகுதான் பல பள்ளிகளில் ‘மெல்லக் கற்கும் மாணவர்’ பட்டியல் தயாராகிறது. ஜூனில் தொடங்கிய சறுக்கல் செப்டம்பரில் கண்ணில் படுகிறது. அதுவும் யார் தவறினார் என்றுதான் மதிப்பெண் சொல்லும், எங்கே சிக்கினார் என்று சொல்லாது. 52-இலிருந்து 38-ஐக் கழித்து 26 என்று எழுதும் பிள்ளைக்குக் கழித்தலே வராது என்று முடிவுகட்டிவிடுகிறோம். 8-இலிருந்து 2-ஐயும் 5-இலிருந்து 3-ஐயும் அது சரியாகவே கழித்திருக்கிறது. கடன் வாங்கத்தான் தெரியவில்லை. அதற்குப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளோடு சில நாள் உட்கார வேண்டும். வாய்ப்பாடு எழுதவைப்பது வீண்.

வாசிப்பைச் சோதிக்கப் பாடநூலையே நீட்டுவது அடுத்த தவறு. படத்தைப் பார்த்ததுமே சில பிள்ளைகள் பாடத்தை ஒப்பித்துவிடுவார்கள். தனியே அழைத்து, புதிய பத்தி ஒன்றை 1 நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். சரியான சொற்களை எண்ணுங்கள். தவறியதை அவர்கள் சொன்னபடியே குறித்துவையுங்கள். ‘தொட்டி’ ‘தெட்டி’ ஆனால் துணைக்காலில் சிக்கல். நாளுக்கு 8 பேர் என்றால் 40 பேருக்கு 5 நாள் போதும். கரும்பலகையைப் பார்த்து எழுதத் திணறினால் முதலில் கண் பரிசோதனை.

40-இல் 20 பேர் தடுமாறினால் சிறப்பு வகுப்பு வைத்துப் பயனில்லை. அன்றாட வகுப்பில் நடத்தும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும். உதவியை மூன்று அடுக்குகளாகப் பிரித்தால், அதுதான் முதல் அடுக்கு. அதற்குப் பிறகும் தேங்குபவர்களுக்கு இரண்டாம் அடுக்கு: 3 முதல் 5 பேர் குழு, வாரம் 3 அல்லது 4 நாள், 20–30 நிமிடம், ஒரு நேரத்தில் ஒரே திறன். பெரும்பாலும் காரியம் கெடுவது இங்கேதான். அதே பாடத்தை, அதே மாதிரி, கொஞ்சம் சத்தமாக, விளையாட்டு பீரியடில் நடத்துகிறார்கள். பிள்ளைக்கு அது தண்டனை. தமிழில் திணறுபவர் கணக்கில் கெட்டியாக இருக்கலாம் என்பதால் குழுவைப் பாடத்துக்குப் பாடம் தனித்தனியே பிரியுங்கள். தொடக்க வகுப்புகளுக்கான தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்பவை பிள்ளையின் அன்றைய கற்றல் நிலைகள். அரும்பில் சேர்ந்தவர் ஆண்டு முழுக்க அரும்பாகவே கிடந்தால் தவறு பிள்ளையுடையதல்ல.

வாரம் ஒருமுறை வேறு பத்தியில் அதே 1 நிமிட வாசிப்பை எடுத்து, கட்டத்தாளில் புள்ளி வையுங்கள். தொடக்கப் புள்ளியிலிருந்து இலக்குக்கு ஒரு கோடு இழுத்து, தொடர்ந்து 4 புள்ளிகள் அதற்குக் கீழே விழுந்தால் முறையை மாற்றுங்கள். 8 வாரமாகியும் அசையவில்லையென்றால் மூன்றாம் அடுக்கு: ஓரிருவராக, தினமும். கற்றல் குறைபாடு இருக்குமோ என்று தோன்றினால் அடுக்குகள் முடியட்டும் என்று காத்திராமல் மதிப்பீட்டுக்கு அனுப்பலாம்; 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இடம்பெற்றிருக்கிறது. பெற்றோரை அழைக்கும்போது மதிப்பெண் பட்டியலுக்குப் பதில் அந்தக் கட்டத்தாளைக் காட்டுங்கள்.