பினாங்கு வெக்கைக்குத் தாங்கும் மலிவு மதர்போர்டு: பார்த்து வாங்குவதும் வைத்துப் பராமரிப்பதும்

கேமிங் கணினிக்கு எடுத்து வைத்த காசில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். மதர்போர்டுக்குப் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் ஏழில் ஒரு பங்கு போதும். 4,000 வெள்ளிக் கணினி என்றால் 400 முதல் 550 வெள்ளிக்குள் போர்டு. ஒழுங்கான மலிவு போர்டில் ஓடும் ரைசன் 5 5600 என்ற சிப் (சிபியு), அதைப்போல் மூன்று மடங்கு விலையுள்ள போர்டில் ஓடினாலும் ஆட்டத்தில் கிட்டத்தட்ட அதே ஃபிரேம் எண்ணிக்கையைத்தான் தரும். ஆனால் விலை இறங்க இறங்க, தயாரிப்பவர்கள் எதையாவது கழற்றிவிட்டுத்தான் இறக்குகிறார்கள். கழற்றியது நமக்குத் தேவையில்லாத ஒன்றா, இல்லை நம் ஊர் வெக்கையில் உயிரை வாங்கப்போகிற ஒன்றா என்பதைக் காசு கொடுக்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

சிப்பை முடிவு செய்த பிறகுதான் போர்டு

இப்போது மலிவு விலையில் கேமிங் கணினி கட்டுபவர்கள் மூன்று சாக்கெட்டுக்குள்தான் (சிப் உட்காரும் இருக்கை) சுற்றுகிறார்கள். ஏஎம்டியின் ஏஎம்4 பழையது, ரைசன் 5000 வரிசையோடு அதன் வளர்ச்சி முடிந்துவிட்டது, ராம் டிடிஆர்4. ஏஎம்5 2022-இல் வந்தது, டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். 2027 வரை இந்தச் சாக்கெட்டுக்குத் துணை உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருப்பதால், பிறகு சிப்பை மட்டும் மாற்ற நினைப்பவர்களுக்கு இதுவே சரி. இன்டெலின் எல்ஜிஏ1700 பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்காம் தலைமுறைச் சிப்புகளை ஏற்கும். இதில்தான் பலர் ஏமாறுவது: ஒரே பி760, ஒரே எச்610 என்ற சிப்செட் (போர்டின் துணைச் சில்லு) பெயரில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. இரண்டு வகை ராமிலும் நடுவில் இருக்கும் பள்ளம் வேறு வேறு இடம். அழுத்தினாலும் போகாது, அழுத்தவும் கூடாது.

சிப்செட் பெயர்களில் தெரிந்துவைக்க வேண்டியது இவ்வளவுதான். எச்610-இல் ராம் ஸ்லாட் இரண்டே, எக்ஸ்எம்பி (ராமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) வேகமும் கிடையாது. 6000 வேக ராமை வாங்கிப் போட்டாலும் சிப்பின் அடிப்படை வேகத்திலேயே ஓடும், கூடக் கொடுத்த காசு வீண். போர்டிலேயே பொருத்தும் சேமிப்பகமான எம்.2 எஸ்எஸ்டியும் பிசிஐஇ பாதையின் மூன்றாம் தலைமுறை வேகத்தில்தான் ஓடும், விநாடிக்குச் சுமார் 3,500 எம்பி. ஆட்டம் திறக்கும் நேரத்தில் இதனால் பெரிய வித்தியாசம் தெரியாது, விட்டுவிடலாம். பி760-இல் ராம் வேகம் ஏற்றலாம், சிப் வேகம் ஏற்ற முடியாது. ஏஎம்டி பக்கம் ஏ520, ஏ620 இரண்டிலும் சிப் வேகம் ஏற்ற முடியாது, ராம் வேகம் ஏற்றலாம். பி550, பி650 இரண்டிலும் எல்லாம் முடியும்.

ஸ்லாட் இரண்டே உள்ள போர்டு வாங்குகிறவர்கள் முதல் நாளே 16 ஜிபி ராம் இரண்டு போட முடிந்தால் போட்டுவிடுவது நல்லது. இரண்டு 8 போட்டுவிட்டு நாளைக்குக் கூட்ட நினைத்தால், பழைய இரண்டையும் கழற்றி விற்றாக வேண்டும். எந்தப் போர்டாக இருந்தாலும் ஒற்றை ராமில் ஓட்டாதீர்கள். சிப்புக்கும் ராமுக்கும் இடையிலான பாதை பாதியாகிவிடும், ஆட்டம் விக்கி விக்கி ஓடும்.

எட்டு லேன் கார்டும் ஏ520-உம்

மலிவு கிராபிக்ஸ் கார்டுகள் பலவற்றில் பிசிஐஇ லேன் (கார்டுக்கும் சிப்புக்கும் இடையில் தரவு ஓடும் தடம்) முழுதாக 16 இருக்காது. ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 இரண்டும் எட்டு லேன், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் நான்கு. இவை நான்காம் தலைமுறை வேகத்தை நம்பிச் செய்யப்பட்டவை. ஏ520, பி450 போர்டுகள் மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுவதால் அந்த எட்டு லேனின் கொள்ளளவு பாதியாகும். கார்டின் 8 ஜிபி நினைவகத்துக்குள் ஆட்டம் அடங்கும்வரை ஒன்றும் தெரியாது. டெக்ஸ்சரை உயர்த்தி நினைவகம் நிரம்பியதும், மிச்சம் கணினி ராமிலிருந்து அந்தக் குறுகிய வழியாக வந்துபோகும். படம் நின்று நின்று வரும். 6500 எக்ஸ்டியில் இது இன்னும் மோசம்.

இதில் ஒரு மறைவான கண்ணி: பி550 போர்டு வாங்கிவிட்டு, விலை குறைவு என்று ரைசன் 5 5500 அல்லது 5600ஜி சிப்பைப் போட்டாலும் அதே கதைதான். அந்த இரண்டு சிப்பிலும் மூன்றாம் தலைமுறைதான் இருக்கிறது. எட்டு லேன் கார்டு போடுகிறவர்களுக்கு 5600-உம் பி550-உம் சேர்ந்த ஜோடிதான் எங்கள் தேர்வு. கார்டை எப்போதும் சிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் மேல் ஸ்லாட்டில் போடுங்கள். கீழே இருக்கும் நீள ஸ்லாட் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே நான்கு லேனோ ஒரே லேனோதான்.

வெக்கையும் விஆர்எம்மும்

இங்கேதான் காசைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சிப் சாக்கெட்டுக்கு இடப்புறமும் மேலேயும் சதுரச் சதுரமாகச் சாம்பல் நிறக் கட்டிகள் வரிசையாக இருக்கும், அவைதான் சோக். அவற்றை ஒட்டிய சின்னக் கறுப்புச் சில்லுகள் மாஸ்ஃபெட். இவை சேர்ந்ததுதான் விஆர்எம். பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டைச் சிப்புக்கு வேண்டிய ஒரு வோல்ட் அளவுக்கு இறக்குவது இவற்றின் வேலை. அந்த வேலையில் இவை கொதிக்கும். மேலே அலுமினிய ஹீட்சிங்க் வைத்த போர்டும் உண்டு, மாஸ்ஃபெட்டை வெறுமனே விட்ட போர்டும் உண்டு. 

65 வாட் என்று பெட்டியில் போட்ட ரைசன் உண்மையில் 88 வாட் வரை இழுக்கும். 105 வாட் ஏஎம்4 சிப் 142 வாட். ஐ5-12400எஃப் உச்சத்தில் 117 வாட், ஐ5-13400எஃப் 148 வாட். 88 வாட்டுக்கு ஹீட்சிங்க் இல்லாத போர்டும் ஈடுகொடுக்கும். 140-க்கு மேலே போகும் சிப்பை அதில் போடாதீர்கள். இணையத்தில் வரும் பரிசோதனைகள் பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் செய்தவை. ஏர்கோன் போடாத ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி அறையில் மதியம் 32 டிகிரி இருக்கும். அங்கே 95 காட்டிய விஆர்எம் இங்கே 105-ஐத் தொடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிப்போடு பெட்டியில் வரும் தட்டைக் கூலர் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளும். அந்தக் காற்று சுற்றியுள்ள விஆர்எம்மையும் தடவிக்கொண்டு போகும். அதைக் கழற்றிவிட்டு உயரமான டவர் கூலரோ தண்ணீர்க் கூலரோ மாட்டினால் சிப் குளிரும், விஆர்எம்முக்குக் காற்றே போகாது. கூலர் மாற்றிய பிறகு கணினி முன்பைவிட மெதுவாகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கண்டுபிடிப்பது எளிது. சிப்பை முழுமூச்சாக ஓட்டும் சினிபெஞ்ச் மல்டிகோர் சோதனையை 10 நிமிடம் ஓடவிட்டு, பக்கத்தில் வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வையுங்கள். சிப் வெப்பம் 70 டிகிரிதான், ஆனால் வேகம் 4.4 கிகாஹெர்ட்சிலிருந்து சட்டென்று விழுகிறது, மறுபடி ஏறுகிறது, மறுபடி விழுகிறது என்றால் விஆர்எம் மூச்சு வாங்குகிறது. பல மலிவு போர்டுகளில் விஆர்எம்முக்குச் சென்சாரே இல்லை என்பதால் இந்த வேக ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் கணிக்க முடியும். தீர்வு இரண்டு: பயாசில் (போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) மின் வரம்பை 88 வாட்டுக்கு இறக்குவது, அல்லது கேசின் பின்பக்க மேல்மூலையில் ஒரு 120 மிமீ காத்தாடியை மாட்டி அந்தப் பக்கக் காற்றை ஓடவைப்பது. வரம்பை இறக்கினால் ஆட்டத்தில் ஃபிரேம் பெரிதாகக் குறையாது. ஆட்டங்கள் சிப்பை முழுமூச்சாக ஓட்டுவதில்லை.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

கொம்தார், பிராங்கின் பக்கம் கடைகளில் வாங்கினாலும், கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவிலிருந்து வரவழைத்தாலும், போர்டின் முழு மாடல் பெயரைக் கடைசி எழுத்துவரை எழுதிக்கொண்டு போங்கள். ஒரே பெயரின் வாலில் ஓர் எழுத்து மாறினால் ஹீட்சிங்க் போய்விடும், வைஃபை போய்விடும், ராம் வகையே மாறிவிடும்.

எல்ஜிஏ1700, ஏஎம்5 இரண்டிலும் ஊசிகள் போர்டின் சாக்கெட்டில்தான் இருக்கின்றன, முன்னதில் 1,700, பின்னதில் 1,718. கடைக்காரரை மூடியைத் திறக்கச் சொல்லி, கைப்பேசி விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நேர்மேலே அடித்தால் எல்லாம் ஒன்றாய்ப் பளபளக்கும், ஒன்றும் தெரியாது. சாய்த்து அடிக்கும்போது வரிசை வரிசையாக ஒரே சீராய் மின்னும். வளைந்த ஊசி இருக்கும் இடத்தில் அந்த வரி உடைந்து ஒரு புள்ளி இருண்டோ தனித்து மின்னியோ நிற்கும். வளைந்த ஊசி ஒரு ராம் சேனலையே தின்றுவிடும், வாரண்டியிலும் ஏற்கமாட்டார்கள். அந்தப் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள். போர்டைத் திருப்பி அனுப்பும் நாளில் அதைக் கேட்பார்கள். செகண்ட் ஹேண்ட் வாங்குவதானால் ஏஎம்4 போர்டுதான் பயம் குறைவு, அதில் ஊசிகள் சிப்பின் அடியில் இருக்கின்றன.

உள்ளூர் விநியோகிப்பாளரின் வாரண்டி ஸ்டிக்கரும் பெட்டியிலுள்ள வரிசை எண்ணும் போர்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஷோப்பி, லசாடாவில் வாங்கினால் பொட்டலத்தைப் பிரிப்பதிலிருந்து சாக்கெட் ஊசிவரை வெட்டாமல் ஒரே காணொளியாகப் பிடித்து வையுங்கள்.

பயாஸ் பற்றியும் கடையிலேயே கேளுங்கள். பழைய சரக்காக இருக்கும் பி660 பதின்மூன்றாம் தலைமுறையையும், பழைய பி550 ரைசன் 5000-ஐயும் அடையாளம் காணாமல் போகலாம். புதுப்பித்துத் தருகிறார்களா, அல்லது போர்டிலேயே பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருக்கிறதா? பொத்தான் இருந்தால் சிப்பே இல்லாமல், ஃபேட்32 வடிவத்தில் உள்ள யூஎஸ்பியிலிருந்து வீட்டிலேயே ஏற்றிவிடலாம். பதின்மூன்று, பதினான்காம் தலைமுறை ஐ7, ஐ9 போடுகிறவர்களுக்கு இது தவிர்க்கவே முடியாத வேலை: அதிக வோல்ட்டேஜால் அந்தச் சிப்புகள் கெடும் சிக்கலுக்கு இன்டெல் 2024-இல் தந்த திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வருகிறது. பயாஸ் ஏற்றுவதைக் காலையில் செய்யுங்கள். சாயங்காலம் இடி மழையில் நடுவே மின்சாரம் போனால், ஃபிளாஷ்பேக் இல்லாத போர்டு செத்ததுபோல்தான்.

பூட்டும்போது நேரும் பிழைகள்

மலிவு போர்டில் பின்பக்கத் தகடு தனியாக வரும். போர்டை இறக்கும் முன்பே கேசில் அழுத்திப் பொருத்த வேண்டும். அதன் மெல்லிய நாக்குகளில் ஒன்று இணையக் கேபிள் சொருகும் லேன் துளைக்குள் மடிந்து போவது வழக்கம், குனிந்து பாருங்கள். கேசில் போர்டின் ஓட்டைக்கு நேராக இல்லாத பித்தளைக் கால் இருந்தால் கழற்றிவிடுங்கள், பின்னால் உரசி ஷார்ட் ஆகும். ஸ்லாட் நான்கு இருந்தால் ராமைச் சிப்பிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். ஐந்து வோல்ட் மூன்று முள் விளக்குப் பட்டையைப் பன்னிரண்டு வோல்ட் நான்கு முள் இணைப்பில் சொருகினால் விளக்கு உடனே கருகும்.

ஏஎம்5 போர்டு முதல் தடவை எழும்பும்போது ராமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடம் எடுக்கும். திரை கறுப்பாகவே இருக்கும். பதறி மின்சாரத்தை அணைக்காதீர்கள். அதற்குப் பிறகும் படம் வரவில்லையென்றால், மானிட்டர் கேபிள் கார்டில்தான் இருக்கிறதா பாருங்கள். பெயரில் எஃப் உள்ள சிப்புகளில் போர்டின் துளை படம் தராது. பாயான் லெப்பாசுக்கு இன்டெலும் ஏஎம்டியும் 1972-இல் வந்ததை அறிந்த ஊர் இது. சிப் பரிசோதனை முடிந்துதான் வெளியே வருகிறது, கெட்டு வருவது அபூர்வம். கணினி எழும்பாவிட்டால் முதலில் ராமையும், அடுத்து எட்டு முள் சிப் மின்கேபிளையும், பிறகு போர்டையும் சந்தேகப்படுங்கள்.

எழும்பியதும் பயாசில் மூன்று வேலை: எக்ஸ்எம்பி அல்லது அதே வேலையைச் செய்யும் ஏஎம்டியின் எக்ஸ்போவை இயக்குவது, சிப் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே வீச்சில் அணுகவிடும் ரீசைசபிள் பாரை இயக்குவது, பாதுகாப்பு அமைப்புகளான டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் இயக்குவது. விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஆட இந்தக் கடைசி இரண்டும் வேண்டும்.

வைத்து ஓட்டும்போது

தஞ்சோங் தோக்கோங், பத்து பெரிங்கி போல் கடலை ஒட்டிய வீடுகளில் பின்பக்கத் துளைகளின் உலோகம் உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். வாரக்கணக்கில் அணைத்துப் போட்டிருக்கும் கணினியைவிட, தினமும் ஒரு மணி நேரம் ஓடி உள்ளே சூடு கண்ட கணினிதான் நன்றாக இருக்கும். ஏர்கோன் காற்று வாய்க்கு நேர்கீழே வைக்காதீர்கள், நீர் சொட்டும். ராம் திடீரென்று கண்டுகொள்ளப்படவில்லை என்றால், கழற்றித் தங்க நிறக் காலைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

பல்லியை மறக்க வேண்டாம். மலிவு கேசுகளில் கார்டு துளையின் தகடு உடைத்து எடுக்கும் வகை. ஒரு தடவை உடைத்தால் திரும்ப மூட முடியாது. கார்டை வேறு துளைக்கு மாற்றினால் பழைய துளை அப்படியே திறந்து கிடக்கும், சூட்டைத் தேடிப் பல்லி அதன் வழியாக உள்ளே போய் விஆர்எம் பக்கம் படுக்கும், ஷார்ட்டில் தானும் சாகும், போர்டையும் சாகடிக்கும். தனியாகக் கிடைக்கும் துளை மூடி தகடோ, கொசுவலைத் துண்டோ போட்டு அடைத்துவிடுங்கள்.

இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் லேன் கேபிளையும் பிடுங்க வேண்டும். மோடம் வழியாக வரும் மின்வீச்சில் முதலில் சாவது போர்டின் லேன் துளைதான். அது மட்டும் செத்திருந்தால் போர்டை மாற்றத் தேவையில்லை, யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்று போதும். கடிகாரம் ஒவ்வொரு முறையும் பழைய தேதிக்குத் திரும்பினால் சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றி, பயாஸ் அமைப்புகளை மறுபடி போடுங்கள்.

வாரண்டிக் காலத்துக்குள் போர்டு செத்து, கடைக்காரர் காரணமில்லாமல் கையை விரித்தால், ரசீதோடும் அந்தக் காணொளியோடும் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை.