முயலைக் காப்பாற்றப் போய் முயலையே இழக்காமல் இருக்க

கொழும்புத் தொடர்மாடிகளில் பிள்ளைகளின் ஆசைக்காக வாங்கும் முயலை, மூத்திர வாடை தாங்க முடியாமல் போனதும் பூங்காவிலோ கால்வாய்க் கரையிலோ கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். "புல் இருக்குதானே, பிழைச்சுக்கொள்ளும்" என்கிறார்கள். பிழைக்காது. வீட்டு முயல் ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்தது, நமது காட்டு முயல் வேறு இனம். தெருநாய், பூனை, காகம், மரநாய் என்று எதனிடமிருந்தும் தப்பிக்க அதற்குத் தெரியாது.

அப்படி ஒன்றைக் கண்டால் துரத்த வேண்டாம். மிரண்டு உதைக்கும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியலாம். மூலைக்கு ஒதுக்கி, துவாயைப் போர்த்தி, பின்புறத்தைத் தாங்கித் தூக்குங்கள். காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை.

வீட்டுக்கு வந்ததும் பலர் செய்வது குளிப்பாட்டுவது. அழுக்காக இருந்தாலும் வேண்டாம். பயத்திலேயே சில முயல்கள் செத்துப்போகும். பின்புறம் நனைந்தோ கழிச்சல் ஒட்டியோ இருந்தால் அந்த இடத்தை மட்டும் துடைத்து உலர்த்துங்கள். ஈரமாக விட்டால் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

அடுத்தது கரட். கூடவே பாண், பிஸ்கட், சோறு. பட்டினி கிடந்த வயிற்றுக்கு இவை எல்லாம் கேடு. முயலின் குடல் நார்ச்சத்தால் ஓடுவது. கடையில் விற்கும் உலர்புல் விலை கூடியதென்றால் கினிப் புல் போதும். ஆனால் நாய் நடமாடும், மருந்தடிக்கும் வீதியோரத்தில் அறுக்காதீர்கள். நன்றாகக் கழுவி, ஈரம் போக உதறிக் கொடுங்கள்.

இந்த இடத்தில்தான் அதிகம் கவனம் வேண்டும். முயல் நோவை வெளியே காட்டாது. மூலையில் குந்தியிருப்பதைப் பார்த்து "சாதுவான முயல்" என்று நினைப்போம், அதற்குள் குடல் நின்றுபோயிருக்கும். அதனால் புழுக்கையைப் பாருங்கள். மிளகைவிடப் பெரிதாக, உருண்டையாக, உடைத்தால் புல் தூளாக இருந்தால் சரி. சிறுத்தாலோ நின்றாலோ, 12 மணி நேரம் எதுவும் தின்னாவிட்டாலோ விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியரிடம் போங்கள். பளபளப்பான மென்மையான புழுக்கையை அது தன் வாயாலேயே எடுத்துத் தின்னும். அது நோயல்ல, விடுங்கள்.

காதிலும் மூக்கிலும் பொருக்குப் பிடித்திருந்தால் பெரும்பாலும் சொறிப்பூச்சி. நாய்க்கு வாங்கி வைத்த மருந்தை அதன் பிடரியில் விடவே வேண்டாம். ஃபிப்ரோனில் (fipronil) என்ற பூச்சிக்கொல்லி கலந்த உண்ணி மருந்து முயலைக் கொன்றுவிடலாம். வீட்டில் மிஞ்சிய அமொக்ஸிசிலினை வாய்வழியாகக் கொடுத்தாலும் குடலிலுள்ள நல்ல கிருமிகள் அழிந்து அதுவே ஆபத்தாகும்.

நமது வெக்கையும் ஒரு எதிரி. முயலுக்கு வியர்க்காது. மத்தியான வெயில் விழும் பல்கனியில் கூட்டை வைக்காதீர்கள். தண்ணீரை உறைய வைத்த போத்தலைத் துணியில் சுற்றி அருகில் வைத்தால் அதில் சாய்ந்து படுக்கும்.

வீட்டிலுள்ள முயலோடு உடனே சேர்க்காதீர்கள். சொறி தொற்றலாம், கடித்துக் குதறிக்கொள்ளலாம். விற்றவர் "இரண்டும் பெட்டை" என்று சொன்னதை நம்பினால் 31 நாளில் குட்டி வந்து நிற்கும். குட்டி போட்ட அன்றே தாய் மறுபடி சினையாகலாம். ஆகவே வளர்க்கக் கேட்பவருக்குக் கொடுக்கும் முன் கருத்தடை செய்துவிடுவது நல்லது. செய்தபின்னும் கடுவனைச் சில வாரங்கள் தனியே வையுங்கள். முயல் அறுவை செய்து பழகிய வைத்தியரைத் தேடுங்கள். "முதல் நாள் இரவே சாப்பாட்டை நிறுத்துங்கள்" என்றால் வேறொருவரைப் பாருங்கள். முயலுக்கு வாந்தி வராது, பட்டினி போட்டால்தான் குடல் நிற்கும்.

கடைசித் தவறு, முதலில் கேட்டவருக்குச் சும்மா கொடுப்பது. கறிக்கும் குட்டி விற்பனைக்கும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டைப் போய்ப் பாருங்கள். அடித்தளம் கம்பிவலை மட்டுமென்றால் பாதம் புண்ணாகும். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் முயலை யார் பார்ப்பது என்று கேளுங்கள். பிள்ளைக்காக வாங்குபவர்களிடம், இன்று புலமைப்பரிசில் எழுதும் பிள்ளை உயர்தரம் எழுதும்போதும் இந்த முயல் இருக்கும் என்று சொல்லுங்கள். 8 முதல் 12 வருடம் வாழ்வது அது. முடியாவிட்டால் வேறெங்கும் விடாமல் உங்களிடமே திருப்பித் தரச் சொல்லுங்கள். முதல் வாரம் தினமும் படம் அனுப்பச் சொல்லுங்கள், புழுக்கையையும் சேர்த்து.