வரிசை வீட்டுல ஹேக்கத்தான்: 12 பேரு, ஒரு கெட்டில், ஒரு முறுக்கு ஃபார்ம்

போன வருஷம் புரட்டாசி மாசம் ஒரு சனிக்கிழமை, கேஎல் (கோலாலம்பூர்) செந்தூல்ல எங்க வீட்டு ஹால்ல ஹேக்கத்தான் வச்சோம். காலையில 10ல இருந்து ராத்திரி 8 வரைக்கும், மொத்தம் 12 பேரு. அப்புறம் கூட்டாளிங்க நாலஞ்சு பேரு எப்படி பண்றதுன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட்டுப் போட்டு தொண்டை வத்திப்போச்சு, அதான் இங்க ஒரேயடியா எழுதிடுறேன். கோடிங் பத்தி கம்மியாதான் இருக்கும், ஏன்னா அன்னைக்கு கோடிங்னால வந்த பிரச்சினை ரெண்டு மூணுதான், மத்ததெல்லாம் வீட்டுனால வந்தது லா.

ஹேக்கத்தான்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: நாலு பேரு ஒண்ணா உக்காந்து, ஒரு சின்ன சாஃப்ட்வேர் சாமானை அன்னைக்கே ஆரம்பிச்சு அன்னைக்கே ஓட வைக்கிறது. பெரிய ஹாலு, ஸ்பான்சர் பேனரு, டிஷர்ட்டு எல்லாம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது. 1999 ஜூன்ல கனடாவுல கால்கரியில ஓப்பன்பிஎஸ்டிங்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுற ஆளுங்க இந்தப் பேரை வச்சுக் கூடினப்போ மொத்தமே 10 டெவலப்பருங்கதான், என்கிரிப்ஷன் (தகவலைப் பூட்டி வைக்கிற) சாஃப்ட்வேரை அமெரிக்காவுல இருந்து வெளிய அனுப்ப அப்போ சட்டச் சிக்கல் இருந்துச்சு, அதனால கனடாவுல உக்காந்து எழுதினாங்க. பத்துப் பேருக்கு எங்க வீட்டு ஹாலே போதும், உங்க வீட்டு ஹாலும் போதும்.

ஸ்டெப் 1: முதல்ல அம்மாகிட்ட கேளுங்க

வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடணும். நான் குரூப்ல தேதி போட்டு எல்லாரும் கட்டைவிரல் காட்டினதுக்கப்புறம்தான் அம்மாகிட்ட சொன்னேன். அம்மா காலண்டரைப் பாத்துட்டு, "புரட்டாசி சனிடா அது, வீட்டுக்குள்ள கோழி கீழின்னு எதுவும் வரக்கூடாது"ன்னாங்க. சரிம்மான்னு தலையாட்டிட்டு குரூப்ல சொல்ல மறந்துட்டேன். அன்னைக்கு ஒருத்தன் ரொம்பப் பாசமா ஒரு பக்கெட் பொரிச்ச கோழி வாங்கிட்டு வந்து கேட்ல நிக்கிறான். பாவம், ரோட்டோரமா அவனோட காடி பூட்டை (கார் டிக்கி) திறந்து வச்சு நாலு பேரு நின்னுக்கிட்டே சாப்பிட்டு, கை கழுவி வாய் கொப்பளிச்சுட்டுதான் உள்ள வந்தானுங்க.

அதனால வீட்டு ஆளுங்க போடுற கண்டிஷனை அப்படியே எழுதி குரூப்ல பின் பண்ணிடுங்க. எந்த ரூம் பூட்டியிருக்கும், எந்த டாய்லெட், தாத்தா எப்போ தூங்குவாரு, எல்லாம். பக்கத்து வீட்டுக்கும் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, வரிசை வீட்டு சந்துல ஏழெட்டு காடி வந்து நின்னா யாருக்கா இருந்தாலும் கோபம் வரும். பாதிப் பேரை எல்ஆர்டி ரயில்ல வரச் சொல்லி ஸ்டேஷன்ல போய் ஏத்திக்கிட்டு வந்தோம், அது நல்லா வேலை செஞ்சுச்சு.

ஸ்டெப் 2: ஆளும் காசும்

12 பேருக்கு மேல வேணாம். மூணு மூணு பேரா நாலு டீம், ஒவ்வொரு டீம்லயும் கோடிங் தெரியாத ஒருத்தராவது இருக்கணும், ஏன்னா இது யாருக்குடா உதவும்னு கேக்குறது அவங்கதான். காசு ஆளுக்கு 15 வெள்ளி (ரிங்கிட்), முந்தின நாளே டூயிட்நவ்ல (போன்லயே காசு அனுப்புறது) வாங்கிடுங்க. அன்னைக்கு வாங்கிக்கலாம்னு விட்டா, ராத்திரி பாத்திரம் கழுவிக்கிட்டே யாரு குடுத்தா யாரு குடுக்கலன்னு கணக்குப் பாத்துக்கிட்டு இருப்பீங்க.

ஸ்டெப் 3: கரண்ட் (இதை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க)

பகல் 12 மணி இருக்கும். அம்மா இண்டக்‌ஷன் அடுப்புல சாம்பார் வச்சிருக்காங்க, பக்கத்துலயே ரைஸ் குக்கர் ஓடுது, ஹால்ல 12 லேப்டாப், யாரோ ஒரு புண்ணியவான் காப்பி போடலாம்னு கெட்டிலைத் தட்டிவிட்டான். கொஞ்ச நேரம் தாங்குச்சு, அப்புறம் டப்புன்னு ஒரு சத்தம், ஃபேன் சுத்துறது மெதுவாகி நின்னுடுச்சு. லேப்டாப்ல பேட்டரி இருக்கு, ரவுட்டருக்கு ஏது? எல்லா ஸ்கிரீன்லயும் வைஃபை போச்சு. அடுப்படில இருந்து கரண்டியோட வெளிய வந்து அம்மா கேட்டது ஒண்ணுதான், "எவன்டா கெட்டிலைப் போட்டது?"

கணக்கு ரொம்ப சிம்பிள். எத்தனை வாட்ஸ்னு கூட்டி 230ஆல வகுத்தா ஆம்ப்ஸ் வந்துடும். இண்டக்‌ஷன் 2000, கெட்டில் 2000, ரைஸ் குக்கர் 700, லேப்டாப் ஒண்ணு 65ன்னு வச்சா 12க்கு 780. மொத்தம் 5480 வாட்ஸ், கிட்டத்தட்ட 24 ஆம்ப்ஸ். எங்க வீடு பழைய வீடு, ஹாலும் அடுப்படியும் ஒரே 20 ஆம்ப்ஸ் சுவிட்ச்ல (லோட் ஜாஸ்தியானா தானா விழுறது) தொங்குது, விழாம என்ன பண்ணும். கவனிச்சுப் பாருங்க, 12 லேப்டாப்பும் சேந்தாக்கூட ஒரு கெட்டில்ல பாதிகூட இல்ல, அதனால லேப்டாப்பைப் பாத்து பயப்படவேண்டாம், சூடு பண்ற சாமான் எதுன்னு பாருங்க.

முந்தின நாள் செய்யவேண்டியது: டிபி பாக்ஸை (வீட்டு சுவிட்ச் எல்லாம் இருக்க கரண்ட் பெட்டி) திறந்து ஒவ்வொரு சின்ன சுவிட்சா கீழ போட்டு, வீட்டுல எந்த பிளக் செத்துப்போகுதுன்னு பாத்து, பேப்பர் டேப்ல எழுதி ஒட்டிடுங்க. பத்து நிமிஷ வேலை. கெட்டிலும் லேப்டாப்பும் வேற வேற சுவிட்ச்ல இருக்கட்டும், முடியலன்னா ஒரு பெரிய ஃபிளாஸ்க்ல சுடுதண்ணி காலையிலயே ஊத்தி வச்சுடுங்க. எக்ஸ்டென்ஷன் வயர் சிரிம் (மலேசியத் தரச் சோதனை) ஸ்டிக்கர் உள்ளதா வாங்குங்க, ஒரு எக்ஸ்டென்ஷன்ல இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் சொருகாதீங்க. நம்ம 3 முள் பிளக்ல 13 ஆம்ப்ஸ் ஃபியூஸ், அதாவது ஏறக்குறைய 3000 வாட்ஸ், எத்தனை ஓட்டை இருந்தாலும் மொத்தமா அவ்வளவுதான் தாங்கும். வயரை சுவர் ஓரமா விட்டு டேப் போட்டு ஒட்டிடுங்க, எங்க வீட்டுல தாத்தா நடக்குற வழியில வயர் கிடந்ததை தங்கச்சிதான் பாத்து நகர்த்தினா, எனக்கு அது தோணவே இல்ல.

ரெண்டாவது தடவை கரண்ட் போனது சாயந்திரம் 4 மணிக்கு மேல. கேஎல் மழை தெரியும்ல, அந்த மாசத்துல மத்தியானம் தாண்டினா இடிதான். ஒரு பெரிய இடி, அந்தப் பெரிய சுவிட்ச், ஈஎல்சிபின்னு சொல்லுவாங்களே, அது விழுந்துடுச்சு. சின்ன சுவிட்ச் விழுந்தா பெரும்பாலும் லோட் ஜாஸ்தி, பெரிய சுவிட்ச் விழுந்தா கரண்ட் எங்கயோ ஒழுகுது, இல்ல இடி. அப்போ சின்னதெல்லாம் கீழ போட்டுட்டு, பெருசை மேல தள்ளி, அப்புறம் ஒண்ணு ஒண்ணா மேல போட்டுக்கிட்டே வாங்க, எதைப் போட்டா மறுபடி விழுதோ அதுதான் குற்றவாளி, அதை அப்படியே விட்டுட்டு வயர்மேனைக் கூப்பிடுங்க. ஈரக் கையோட போகாதீங்க. வாசல்ல கழட்டிப் போட்டிருந்த 12 ஜோடி சப்பாத்தும் அதே மழையில நனைஞ்சு ஊறிப்போச்சு, அது தனிக் கதை.

ஸ்டெப் 4: வைஃபை

12 பேருன்னா 12 லேப்டாப் இல்ல, ஆளுக்கொரு போனும் சேத்து 24. எல்லாம் ஒரே ரவுட்டர்ல. லைன் ஸ்பீடு இருந்தும் காலையில ஊர்ந்துச்சு, என்னடான்னு பாத்தா ஒருத்தன் லேப்டாப் விண்டோஸ் அப்டேட் இறக்குது, இன்னொருத்தன் போன் கல்யாண வீடியோ மொத்தத்தையும் கிளவுடுக்கு ஏத்திக்கிட்டு இருக்கு. வந்ததும் அதெல்லாம் நிறுத்தச் சொல்லுங்க. பைத்தான், நோட், விஎஸ் கோட் மாதிரி கோடிங்குக்கு வேண்டிய பெரிய சாமானை எல்லாம் அவங்கவங்க வீட்டுலயே இறக்கிட்டு வரச் சொல்லுங்க. ஹால்ல உக்காந்திருக்கவங்க ரவுட்டரோட 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல சேரட்டும், பக்கத்துல இருந்தா அதுதான் வேகம். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிப் போகும், ஆனா வரிசை வீட்டுல அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எல்லார் வைஃபையும் அங்கதான் முட்டிக்கிட்டு நிக்கும்.

இன்னொண்ணு, கெஸ்ட் நெட்வொர்க் (வந்தவங்களுக்குன்னு தனி வைஃபை) போட்டுக் குடுக்குறது நல்லதுதான், ஆனா நிறைய ரவுட்டர்ல கெஸ்ட்ல இருக்க டிவைஸ் ஒண்ணை ஒண்ணு பாக்க முடியாது. ஒரு டீம் லேப்டாப்ல ஓடுற பேஜை போன்ல திறக்க முடியாம ஒரு மணி நேரம் கோடைப் போட்டு நோண்டினாங்க, கோட்ல ஒரு தப்பும் இல்ல. அந்த மாதிரி வந்தா போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு ரெண்டையும் அதுல சேத்துப் பாருங்க.

ஸ்டெப் 5: ஐடியா

அரை மணி நேரம், அதுக்கு மேல குடுக்காதீங்க. எல்லாரும் பேப்பர்ல ஒரு வரி எழுதி சுவர்ல ஒட்டணும், ஆளுக்கு மூணு கச்சாங் (கடலை), பிடிச்ச ஐடியாவுக்குக் கீழ இருக்க கப்புல போடணும். கச்சாங் பூத்தேல ஓட்டுப் போடுறது என் ஐடியாதான், நல்ல ஐடியான்னு நினைச்சேன், ரெண்டு பேரு ஓட்டைத் தின்னுட்டாங்க. கல்லு வைங்க, இல்ல 5 காசு வைங்க.

புதுசா வர்றவங்க செய்யுற தப்பு ஒண்ணுதான், ஐடியா பெருசா இருக்கும். ஒரு டீம் கேஎல் பூரா பார்க்கிங் கண்டுபிடிக்கிற ஏஐ ஆப் பண்றோம்னு ஆரம்பிச்சு சாயந்திரம் வரைக்கும் லாகின் பேஜ்தான் பண்ணினாங்க. ஜெயிச்சது எங்க அம்மாவோட முறுக்கு ஆர்டர் ஃபார்ம். அம்மா தீபாவளிக்கு முறுக்கு, ஆச்சி முறுக்கு, ஓமப்பொடி போட்டு விக்கிறாங்க, ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டா வரும், அதை ஒரு பழைய டைரியில எழுதி வைப்பாங்க, யாருக்கு எத்தனை போத்தல்னு ராத்திரி உக்காந்து கூட்டுவாங்க. கூகிள் ஃபார்ம் ஒண்ணு, அது போய் விழுற ஷீட் ஒண்ணு, மொத்தம் எத்தனைன்னு காட்டுற ஒரு பேஜ். அவ்வளவுதான். ஐடியா எடுக்கும்போது இதை யூஸ் பண்ணப்போற ஆளு இப்போ இந்த வீட்டுக்குள்ள இருக்காங்களான்னு கேளுங்க, இருந்தா எடுத்துக்கோங்க.

ஸ்டெப் 6: கிட்

கிட்னா (Git) கோட்ல பண்ற ஒவ்வொரு மாத்தத்தையும் பதிஞ்சு வைக்கிற சாஃப்ட்வேர். ஆரம்பக்காரங்களுக்கு ரெண்டே விஷயம். மூணு பேரும் ஒரே ஃபைலைத் திருத்தாதீங்க, யாரு எந்த ஃபைல்னு முதல்லயே பிரிச்சுக்கோங்க, மெர்ஜ் கான்ஃபிளிக்ட்ல (ரெண்டு பேரு திருத்தினது ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிறது) பாதி அதுலயே போயிடும். ஏபிஐ கீயை (வேற சர்வீஸை யூஸ் பண்ணக் குடுக்குற ரகசிய சாவி) கோட்ல எழுதி கிட்ஹப்ல (கோடை ஏத்தி வைக்கிற வெப்சைட்) ஏத்தாதீங்க. ஏத்திட்டு அடுத்த கமிட்ல (அடுத்த பதிவுல) அழிச்சாலும் பழைய ஹிஸ்டரில அது அப்படியே இருக்கும், அந்தக் கீயையே கேன்சல் பண்ணிட்டு புதுசு எடுக்கணும். அம்மாவோட கஸ்டமர் போன் நம்பரும் அப்படித்தான், டெஸ்ட் பண்ண பொய் நம்பர் போடுங்க.

ஸ்டெப் 7: சாப்பாடு

மத்தியானம் வீட்டு சாம்பார் சோறு, சாயந்திரம் மாமாக் கடையில (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ரொட்டி சானாயும் தே தாரிக்கும் (இழுத்து ஆத்துற டீ) தாப்பாவ் (பார்சல்). யாரு என்ன சாப்பிட மாட்டாங்கன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. மலாய்க் கூட்டாளிங்க ரெண்டு பேரு வந்தாங்க, தொழுகைக்கு தங்கச்சி ரூமை சுத்தம் பண்ணி விட்டோம், அந்த நேரத்தை டைம்டேபிள்லயே பிரேக்னு போட்டுட்டா யாருக்கும் சங்கடம் இல்ல.

ஸ்டெப் 8: டெமோ

6 மணிக்கு கோடிங் நிறுத்தம், கையைத் தூக்கச் சொல்லுங்க, இல்லன்னா நிறுத்த மாட்டாங்க. டிவில ஹெச்டிஎம்ஐ வயர் போட்டு காலையிலயே ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க, டைப் சி அடாப்டர் ரெண்டு தேடி வைங்க. டீமுக்கு 5 நிமிஷம்.

டெமோவை செஞ்சவங்க ஓட்டிக் காட்டக்கூடாது, யூஸ் பண்ற ஆளு கையில குடுக்கணும். அம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஃபார்மைத் திறந்து, எத்தனைன்னு கேட்ட இடத்துல "2 பெரிய போத்தல்"னு டைப் பண்ணி அனுப்பிட்டாங்க. ஷீட்ல எர்ரர் எதுவும் வரல, அதான் மோசம். சம் (கூட்டல்) ஃபார்முலா எழுத்து இருக்க கட்டத்தை எண்ணாம சத்தமில்லாம தாண்டிப் போயிடும், மொத்தத்துல ரெண்டு போத்தல் குறைஞ்சு நிக்குது. டீம்ல ஒருத்தரும் கவனிக்கல, அம்மாதான் டைரியைப் பாத்து, "இல்லையே, 41 வரணுமே"ன்னாங்க. சரி பண்றது லேசு, ஃபார்ம்ல அந்தக் கேள்விக்கு நம்பர் மட்டும்தான்னு வேலிடேஷன் போட்டு, பெருசு சின்னதை தனிக் கேள்வியா பிரிச்சாச்சு. ஆனா அம்மா கைல குடுக்கலன்னா தீபாவளிக்கு ஒரு வீட்டுக்கு முறுக்கு போயிருக்காது.

ஸ்டெப் 9: கிளம்புறதுக்கு முன்னாடி

குப்பை, பாத்திரம், நாற்காலி எல்லாம் சொல்லவேண்டியதில்ல, டீமுக்கு ஒரு வேலைன்னு பிரிச்சா 20 நிமிஷத்துல முடிஞ்சுடும். சொல்லவேண்டியது வேற. செஞ்ச சாமான் யாரு அக்கவுண்ட்ல இருக்குன்னு பாருங்க. எங்க முறுக்கு ஃபார்ம் ஒரு கூட்டாளி அக்கவுண்ட்ல இருந்துச்சு, தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது அம்மாவுக்கு அதிரசத்தையும் லிஸ்ட்ல சேக்கணும், அவன் நைட் ஷிப்ட்ல இருக்கான், போன் எடுக்கல. அம்மா மூணு நாள் மறுபடி டைரிலயே எழுதினாங்க. அதனால ஆளு கேட்டைத் தாண்டுறதுக்குள்ள ஓனரை மாத்தி வாங்கிடுங்க.