ஆட்டிசம் எத்தனை பேருக்கு? எண்ணும் முறை

நாட்டில் எத்தனை பிள்ளைகளுக்கு ஆட்டிசம் (பேசுவதும் பழகுவதும் வேறுபடும் மூளை வளர்ச்சி நிலை) இருக்கிறது என்று அறிய, மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் எண்ணாதீர்கள். அங்கே வராத பிள்ளை அதில் இருக்காது. ஒரு வயது வரம்பு வைத்து, அந்த வயதுப் பிள்ளைகள் மொத்தம் எத்தனை பேர் என்று முதலில் எழுதுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களின் எண்ணிக்கையை அதால்தான் வகுக்க வேண்டும்.

அப்புறம் வீடுவீடாகப் போக வேண்டும். நெல்லை மாவட்டம் முக்கூடலில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், "பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கா?" என்றேன். "அதெல்லாம் இல்லக்கா." "பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்கானா?" என்றதும் கை நின்றுவிட்டது. ஆட்டிசம் என்ற பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், நடத்தையைக் கேளுங்கள்.

சந்தேகம் வந்த பிள்ளைகளை நிபுணர் பார்க்கட்டும். சந்தேகம் வராதவர்களிலும் சிலரைப் பார்க்க வேண்டும், விட்டுப்போனது அப்போதுதான் தெரியும்.

சாதாரணப் பள்ளிகளுக்கும் கட்டாயம் போங்கள். தென்கொரியாவில் ஒரு நகரப் பகுதியில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில் 2.64 சதவீதப் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் என்று வந்தது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சாதாரணப் பள்ளிகளில், கண்டறியப்படாமலே படித்தவர்கள்.

நெல்லைக் கணக்கை நாட்டுக்கே பொருத்தாதீர்கள். நகரம், கிராமம், மலை, கடற்கரை எனப் பல மாநிலங்களில் மாதிரி எடுங்கள்.