கடலூர் உப்புக் காற்றில் லாங் டிராவல் சஸ்பென்ஷன்: வருஷக்கணக்கில் உழைக்க வைப்பது எப்படி?

பிக்கப்பில் லாங் டிராவல் சஸ்பென்ஷன் மாட்டியவர்கள் முதல் மாதம் வீடியோ எடுப்பார்கள். இரண்டாம் வருஷம் கீழே குனிந்து சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவார்கள். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இந்தத் தேடல் கொஞ்சம் சீக்கிரமே தொடங்கும். கரையோர உப்புக் காற்றும் பண்ருட்டி முந்திரிக்காட்டுச் செம்மண் புழுதியும் சேர்ந்தால், குதித்துக் குதித்து ஓட்டாத வண்டியும் தேயும்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: சக்கரம் முழுக்கத் தொங்கும் இடத்திலிருந்து முழுக்க அமுங்கி மேலே ஏறும் இடம் வரை உள்ள தூரம்தான் வீல் டிராவல். டொயோட்டா டகோமா மாதிரி பிக்கப்பில் கம்பெனி கொடுக்கும் முன்சக்கர டிராவல் ஏறத்தாழ 8, 9 அங்குலம். அமெரிக்காவில் அதற்கு விற்கும் லாங் டிராவல் கிட் அதை 12, 14 வரை கொண்டுபோகும். நம் ஊரில் ஓடும் இசுசு வி-கிராஸ், ஹைலக்ஸ் பிக்கப்புகள் இரண்டிலும் முன்னால் டபுள் விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் மேல், கீழ் இரண்டு ஆர்ம்), பின்னால் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). டிராவல் கூடக் கூட பால் ஜாயிண்ட் (ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு), ஆக்சில், பிரேக் ஹோஸ் எல்லாம் அதிகக் கோணத்தில் வளைய வேண்டும். தேய்மானமும் அங்கேதான்.

மாட்டும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

படி 1: கழுவுங்கள், டீசல் வேண்டாம்

மணலிலோ சேற்றிலோ ஓட்டினால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். பிரஷர் கன்னை ஷாக் அப்சார்பரின் சீலுக்கும், ஆக்சில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறைக்கும் (ஆக்சில் பூட்) நேராகப் பிடிக்க வேண்டாம். தண்ணீர் உள்ளே போய்விடும். வாட்டர் சர்வீஸில் கடைசியாக டீசலோ பழைய ஆயிலோ அடித்துப் பளபளவென்று அனுப்புவார்களே, அதற்கு “வேணாம்ணே” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆர்ம் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ் ஊறி உப்பிப் போகும். எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டும் புழுதி உப்புத்தாள் போல, ஷாக்குக்கு உள்ளும் வெளியும் போய்வரும் ராடைத் தேய்க்கும்.

தேவனாம்பட்டினம் பக்கம் கடற்கரை மணலில் இறக்கிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். விட்டுவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். வண்டிக்கும் உப்புத் தண்ணீர் ஆகாது.

படி 2: ராடையும் சீலையும் பாருங்கள்

ஷாக் ராடை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரி. எங்கேயாவது நகம் தட்டினால் குரோம் பூச்சில் துரு குழி போட்டிருக்கிறது. அந்தக் குழி மேலும் கீழும் போய்வரும் ஒவ்வொரு முறையும் சீலைக் கிழிக்கும். ராடில் மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரிந்தால் பயம் வேண்டாம். ஷாக் உடம்பில் வழிந்து சொட்டினால் சீல் போய்விட்டது. உள்ளே நைட்ரஜன் அடைத்த ஷாக்குகள் பலவற்றில் 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை அழுத்தம் இருக்கும். வீட்டில் கழற்றவே கூடாது.

படி 3: டேக் கட்டி அளந்து பாருங்கள்

ராடைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கேபிள் டேக் லேசாகக் கட்டி, சீலை ஒட்டி நிறுத்துங்கள். ஒரு கரடுமுரடான சுற்றுப் போய்விட்டு வாருங்கள். டேக் நின்ற இடம்தான் ஷாக் அமுங்கிய அளவு. ஒவ்வொரு முறையும் கடைசி வரை போய் முட்டினால் ஸ்பிரிங் மென்மையாக இருக்கிறது, அல்லது பம்ப் ஸ்டாப் (முழுக்க அமுங்கும்போது அடியைத் தாங்கும் கட்டை) தேய்ந்துவிட்டது. கீழ்ப்பக்கத்தையும் பாருங்கள்: சக்கரம் தொங்கும்போது எடையைப் பிடித்து நிறுத்துவது லிமிட் ஸ்ட்ராப்பாக (சக்கரம் அதிகம் இறங்காமல் தடுக்கும் வார்) இருக்க வேண்டும். ஸ்ட்ராப் நீளமாகிவிட்டால் அந்த அடி முழுக்க ஷாக்கின் மேல் விழும். பல ஷாக்குகள் அமுங்கி உடைவதில்லை, இழுபட்டுத்தான் உடைகின்றன.

படி 4: புஷ் போல்ட்டை முடுக்கும் முறை

இந்தப் படிதான் எனக்கு ரொம்ப முக்கியம். பட்டறைகளில் அதிகம் கோட்டை விடுவதும் இங்கேதான். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டுகளை முழுக்க முடுக்கிவிடுவார்கள். வண்டியை இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். கொஞ்ச நாளில் கிழியும். போல்ட்டைக் கையால் இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு தடவை அழுத்தி ஆட்டிவிட்டு, அப்புறம்தான் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) முடுக்க வேண்டும். எவ்வளவு டார்க் என்பதைக் கிட்டோடு வரும் கையேட்டில் பாருங்கள். புஷ்ஷுக்குப் பதில் டெஃப்லான் உறை போட்ட யூனிபால் (உலோக உருண்டை மூட்டு) இருந்தால் அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது. புழுதியை இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். துடைத்து, ஆட்டம் இருக்கிறதா என்று கம்பியால் நெம்பிப் பாருங்கள், போதும்.

படி 5: பின்பட்டை

புதிதாக மாட்டி முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும், பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டுகளைத் திரும்ப முடுக்குங்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். சில மாதம் கழித்து அளக்கும்போது ஒரு பக்கம் இறங்கியிருந்தால் பட்டை தொய்கிறது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு தடவை, மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஒரு தடவை, இந்த ஐந்தையும் வரிசையாகப் பாருங்கள். ஆக்சில் பூட்டில் சின்ன வெடிப்பு தெரிந்தாலும் அன்றே மாற்றுங்கள். பூட் விலை கொஞ்சம்தான், ஆக்சில் விலை அப்படியில்லை.

இன்னும் கிட் வாங்காதவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, சீல் கிட் தனியாகக் கிடைக்குமா, ஷாக்கைப் பிரித்துத் திரும்பக் கட்ட முடியுமா என்பதுதான். “போனா புதுசு மாட்டிக்கலாம் சார்” என்று சொன்னால் வேறு கடை பாருங்கள்.