பள்ளம் பிடித்துப் போங்கள்: செங்கடல் பாலைவனப் பாதையை வீட்டிலிருந்தே தேடுவது எப்படி

எகிப்தில் நைல் கரையில் கிஃப்த் என்று ஓர் ஊர் இருக்கிறது. பழைய பெயர் கோப்தோஸ். அங்கிருந்து கிழக்கே, செங்கடல் கரையில் மியோஸ் ஹோர்மோஸ் என்ற துறைமுகம் இருந்தது. நடுவில் சுமார் 180 கிலோமீட்டர் பாலைவனம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் நம் பக்கத்துச் சரக்கு கப்பலில் வந்து இறங்கி, ஒட்டக முதுகில் இந்தப் பாலைவனத்தைக் கடந்து, நைலில் படகேறி அலெக்சாந்திரியா போயிருக்கிறது.

அந்தப் பாதையைத் தேட எகிப்துக்குப் போக வேண்டியதில்லை. சேலம் அஸ்தம்பட்டியில் என் சாப்பாட்டு மேசையில், பேத்தியும் அவள் தோழிகளும் நானுமாகப் பல சனிக்கிழமைகளில் தேடியிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வரலாறு நடத்தியபோது தேதிகளாகச் சொல்லிக்கொடுத்த விஷயம், இப்படிச் செய்தபோதுதான் எனக்கே ஒரு நிலமாகப் புரிந்தது.

வேண்டியவை: கூகுள் எர்த் உள்ள கணினி, ட்ரேசிங் பேப்பர், பென்சில், கொஞ்சம் நூல், ஓர் ஆணி, ஓர் உடைந்த மண்பானைத் துண்டு. துண்டு கடைசியில்தான் தேவைப்படும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் எகிப்துக்குப் போகாதீர்கள். சேலத்தையே மேலிருந்து பாருங்கள். சேர்வராயன் மலை அடிவாரத்தில், ஊருக்கு வடக்கே, வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரியும். அது மேக்னசைட் வெட்டியெடுத்த இடம், நம் வெள்ளைக்கல். பக்கத்துக் கரடுகள் வேறு நிறம், மலைமேல் காடும் காப்பித் தோட்டமும் கரும்பச்சை. தெரிந்த ஊரில் இந்த நிற வேறுபாட்டைக் கண் பிடித்துக்கொண்டால் தெரியாத பாலைவனம் பயமுறுத்தாது.

இப்போது கிஃப்துக்குப் போங்கள். அங்கிருந்து கிழக்கே பார்த்தால் பழுப்பும் கறுப்புமாக மலைகள், அவற்றின் நடுவே வெளிறிய மணல் கோடுகள். அந்தக் கோடுகள்தான் முக்கியம். அரபியில் வாதி என்பார்கள். நம் பக்கத்தில் பள்ளம் என்கிறோமே, அதேதான்: மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும், மற்ற நாளில் வெறும் மணல். முதல் தடவை நான் ஸ்கேல் வைத்து, கிஃப்திலிருந்து கடலுக்கு நேர்கோடு போட்டுவிட்டேன். கோடு மலை மலையாக ஏறி இறங்கியது. சுமையோடு வரும் ஒட்டகம் அப்படிப் போகாது. ஸ்கேலை எடுத்து வைத்துவிட்டு, திரைமேல் ட்ரேசிங் பேப்பரை வைத்து, பள்ளத்தின் மேலேயே பென்சிலை ஓட்டுங்கள். வாதி ஹம்மாமாத் என்ற பள்ளம் உங்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போகும். இன்றைய கிஃப்த் - குஸைர் தார்ச்சாலையும் அதே வழியில்தான் போகிறது. கடற்கரை ஊரான குஸைருக்கு வடக்கே 8 கிலோமீட்டரில் பழைய மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகம்.

இந்த வேலையை நமக்கு முன்பே ஒருவர் செய்திருக்கிறார். சுமார் கி.மு. 1150இல் வரைந்த பாப்பிரஸ் வரைபடம் ஒன்று இத்தாலியின் தூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதே ஹம்மாமாத்தின் மலைகள், தங்கச் சுரங்கம், கிணறு எல்லாம் அதில் உண்டு. பாறைக்குத் தக்கபடி மலைக்கு நிறம் மாற்றித் தீட்டியிருக்கிறார்கள். அதைக் காட்டியதும் பேத்தி கலர் பென்சில் பெட்டியை எடுத்து வந்துவிட்டாள். நீங்களும் பாறை நிறத்தைத் தீட்டுங்கள், பள்ளம் பளிச்சென்று தெரியும்.

அடுத்து நூல். வரைந்த கோட்டின் மேல் நூலை வளைத்து வைத்து, நீட்டி, ஏழாக மடியுங்கள். கோப்தோஸிலிருந்து மியோஸ் ஹோர்மோஸுக்கு ஆறேழு நாள் பயணம் என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். ஒரு மடிப்பு ஒரு நாள், சுமார் 26 கிலோமீட்டர். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போகிற தூரத்துக்குச் சற்றுக் குறைவு. முன்காலத்தில் தண்ணீரைச் சுமந்துகொண்டு, நட்சத்திரம் பார்த்து இரவில் நடந்தார்கள், பிறகுதான் வழியில் கிணறும் தொட்டியும் அமைத்தார்கள் என்றும் அவர் சொல்கிறார். அவர் காலத்தில் அந்தத் துறையிலிருந்து 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டனவாம்.

இந்த வழியில் பழைய காவல் கோட்டைகளும் உண்டு; அவற்றைத் தேடும்போதும் தண்ணீரை நினைத்தே தேடுங்கள். ரோமானியர் கட்டிய இவை பெரும்பாலும் பக்கத்துக்கு 50, 60 மீட்டர் உள்ள சதுரங்கள், நடுவில் கிணறு. அல்-ஸர்க்கா என்ற இடத்தில் உள்ளதை முதலில் பாருங்கள், சாலை ஓரத்திலேயே இருக்கிறது. பழைய பெயர் மாக்ஸிமியானோன். மதிலைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். இந்தக் கோட்டைகளின் குப்பை மேட்டில்தான் பானை ஓட்டில் எழுதிய கடிதங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அங்கே காவல் இருந்த சிப்பாய்களின் அன்றாடம் அதில் இருக்கிறது. அரண்மனையைவிட எனக்குக் குப்பை மேடு பிடிக்கும்.

தெற்கே பெரெனிகே என்று இன்னொரு துறைமுகம். அங்கே செராபிஸ் என்ற தெய்வத்தின் கோயிலில் இந்தியப் பானை ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. ஏற்காட்டில் தம்பி தோட்டத்து மிளகை ஏழரைக் கிலோ எடைபோட்டுப் பிள்ளைகளைத் தூக்கச் சொன்னேன். அந்தக் காலத்து மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையுடையது, ஏற்காட்டுடையது அல்ல. ஆனால் பையைத் திறந்ததும் எழுந்த அந்தக் காரநெடி, புத்தகத்தில் வராது.

சரி, இப்போது பானைத் துண்டு. மியோஸ் ஹோர்மோஸில் கிடைத்த ஒரு துண்டில், தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமியில், ஒரே வாசகத்தை இரண்டு முறை கீறியிருக்கிறது. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதை 'பானை ஒறி' என்று வாசித்தார், கி.மு. முதல் நூற்றாண்டு என்றார். ஒறி என்றால் நம் உறி. என் பாட்டி வீட்டுச் சமையலறை உத்தரத்தில் தொங்கியது கண்ணில் நிற்கிறது: தேங்காய் நார்க் கயிறு, அடியில் பானை உட்கார ஒரு வளையம், அதில் தயிர்ப் பானை. பூனையும் எறும்பும் எட்டாது. அதே பொருளின் பெயரை யாரோ ஒரு தமிழர் செங்கடல் கரையில் பானையில் எழுதியிருக்கிறார். இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நான்கே எழுத்து: பா, னை, ஒ, றி. பிராமி எழுத்து அட்டவணையைப் பார்த்து முதலில் தாளில் பத்து முறை எழுதிப் பழகுங்கள். 'ப' எளிது, இன்றைய 'ப'வின் சாயல் இருக்கும். வலப்புறம் மேலே ஒரு சிறு கோடு இழுத்தால் 'பா'. அப்புறம் துண்டை ஈரத்துணிமேல் வையுங்கள், நழுவாது. ஆணியைச் சாய்த்துப் பிடித்து, மெதுவாக, ஒரே கோட்டை இரண்டு மூன்று தடவை கீறுங்கள். அழுத்தினால் ஓடு தெறிக்கும். பேத்தியின் முதல் துண்டு 'னை'யில் உடைந்தது. இரண்டாவது இப்போது புத்தக அலமாரியில் நாரில் கட்டித் தொங்குகிறது.